பழைய ஏர் கன்னுக்குப் புது வாசர், புது ஸ்பிரிங்

திருவிழாக் கடையில் பலூன் சுடுவதற்கு வைத்திருப்பார்களே, பேரலை மடக்கி இழுக்கும் 4.5 மி.மீ. ஏர் கன், அந்த ரகத்துக்கானது இது. பல வருடம் பரணில் கிடந்தது ‘டப்’ என்று அடிக்காமல் ‘புஸ்’ என்று போனால் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காற்றுக் கசிவுதான் காரணம்.

பேரல் மூடும் இடத்தின் மேல் ஒரு கீற்று டிஷ்யூ பேப்பரை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் பேரல் வாயில் உள்ள வாசர் போய்விட்டது. பம்பு, கார்பரேட்டர் சாமான் விற்கும் கடையில் அதே அளவு நைட்ரைல் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கிடைக்கும். பள்ளத்தில் உட்கார்ந்தபின் 0.1 முதல் 0.2 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பேரல் சரியாகப் பூட்டாது. குண்டில்லாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதீர்கள். தடுக்கும் காற்று மெத்தை இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் நேராக உருளை முகப்பில் போய் மோதும்.

பேப்பர் அசையவில்லையா? பிரித்துத்தான் ஆக வேண்டும். பேரலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றுங்கள். ஆபத்து பின்மூடியில் இருக்கிறது. அதன் பின்னால் ஸ்பிரிங் ஏற்கெனவே சில சென்டிமீட்டர் அமுங்கியே நிற்கும். வெறுங்கையோடு மூடியைப் பூட்டியிருக்கும் ஆணியைத் தட்டினால் மூடி முகத்துக்கு வரும். ஆசாரிகள் பலகை ஒட்டும்போது இறுக்கும் நீளக் கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கி, மூடியை அதில் தாங்கவிட்டு மெல்லத் தளர்த்துங்கள்.

பிஸ்டன் முனையில் உள்ள வாசரை மாற்ற, புதிது வாங்கும்போது பழையதை அளக்காதீர்கள், அது தேய்ந்தது. உருளையின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். கட்டைவிரலால் தள்ளினால் லேசான பிடிப்போடு நகர வேண்டும். இறுகினால் 400 நம்பர் எமெரித் தாளில் சுற்றித் தேய்த்துக் குறைக்கலாம். புது வாசர் பத்தே குண்டில் போய்விட்டது என்பவர்கள் கவனிக்காதது ட்ரிகர் துளையின் ஓரம்: அங்குள்ள பிசிறு, உள்ளே தள்ளும்போதே வாசரைச் சீவிவிடும். சின்ன அரத்தால் மழுக்கிவிட்டுப் பிறகு தள்ளுங்கள்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். மாற்றுவதென்றால் தடித்த கம்பி தேடி அலையாதீர்கள். 3 மி.மீ. கம்பியில் 32 சுற்று என்றால் முழுக்க அமுங்கியும் 96 மி.மீ. இருக்கும். இழுத்த நிலையில் உள்ளே அவ்வளவு இடம் இல்லையென்றால் சுற்றோடு சுற்று முட்டி நின்றுவிடும், ட்ரிகர் கொக்கி பிடிக்காது. பிடித்தாலும் உதைதான் கூடும், குறி கூடாது.

பிஸ்டன் பக்கவாட்டில் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் மெல்லிய பூச்சு, ஸ்பிரிங்குக்குக் கெட்டி கிரீஸ். வாசருக்கு முன்னால் எதையும் தடவ வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எது போனாலும் அழுத்தத்தில் டீசல் எஞ்சின் போலப் பற்றி வெடிக்கும். நீலப் புகையும் அதிர்ந்த சத்தமும் வரும். அதைப் ‘பவர் ஏறிவிட்டது’ என்று கொண்டாடுகிறவர்கள் அடுத்த மாதம் மறுபடி ஸ்பிரிங் வாங்குவார்கள்.

மரக்கட்டை விரிசல் விட்டிருந்தால், புதிது செய்ய இடித்த வீட்டுக் கதவு நிலையின் தேக்கு நல்லது. காய்ந்து முடிந்த மரம், ஐப்பசி மழையில் ஊதி ஸ்குரூவைத் தளர்த்தாது.

சட்டத்தில் பேரல் 4.5 மி.மீ.க்கு மேற்படாமல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 200 மீட்டர் போனால் 10.6 ஜூல். 275 மீட்டரைத் தொட்டால் எல்லையைத் தாண்டிவிடும். பத்து மீட்டர் தள்ளி வைத்த குறி அட்டைக்கு 200 மீட்டர் வேகமே தாராளம். வயலில் இறங்கும் கொக்கு, மடையானைக் குறி வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். வடுவூர், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயங்களின் பக்கம் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அட்டைக்குப் பின்னால் இரும்புத் தகடு வைக்காதீர்கள், குண்டு திரும்பி வரும். வைக்கோல் போரும் நம்பத்தக்கதல்ல. ஒரு சாண் ஆழ மரப்பெட்டியில் ஈர ஆற்று மணல் போதும். ஐம்பது குண்டு சுட்டபின் கட்டை ஸ்குரூக்களை ஒருமுறை இறுக்குங்கள். நாகை, வேதாரண்யம் உப்புக் காற்றில் கைவியர்வை பட்ட இடம் சீக்கிரம் துருவேறும். எண்ணெய்த் துணியால் வெளியே துடைத்து, ஸ்பாஞ்ச் உறையில் போடாமல் காற்றோட்டமுள்ள அலமாரியில் பூட்டி வையுங்கள்.