கோவைக்குத் திரும்பி வருபவர்கள் சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

கோவையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் குடியிருந்துவிட்டு வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனவர்கள், இரண்டு நாள் விடுப்பில் திரும்பும்போது கையில் ஒரு பட்டியலோடுதான் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். காலையில் அன்னபூர்ணா ஓட்டலில் சாம்பார் இட்லி, பதினோரு மணிக்குப் பேக்கரியில் டீ, மதியம் பிரியாணி, மாலையில் தள்ளுவண்டிக் காளான், இரவு பரோட்டா என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் வந்து போனேன். முதல் தவறே இந்தப் பட்டியல்தான். இங்கே வாழ்ந்த காலத்தில் இவற்றை யாரும் ஒரே நாளில் சாப்பிட்டதில்லை. ஓட்டல் இட்லி சம்பளம் வந்த வாரத்துக்கு, பிரியாணி ஞாயிற்றுக்கிழமைக்கு, காளான் நண்பர்கள் சேரும் மாலைக்கு என்று இடைவெளி விட்டுச் சாப்பிட்டதனால்தான் ஒவ்வொன்றின் ருசியும் தனியாக நாக்கில் தங்கியது. நாளுக்கு வெளியில் ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, பழைய கடையில் உட்கார்ந்துகொண்டு, பரிமாறுபவர் காதில் விழும்படி, "அப்போ மாதிரி இல்லை" என்று சொல்வது. ருசி மாறியிருக்கலாம், பழைய மாஸ்டர் ஓய்வு பெற்றிருப்பார், விறகடுப்பு கேஸ் அடுப்பாகியிருக்கும். ஆனால் கல்லூரி முடிந்து ஐந்து மணிப் பசியோடு போய் உட்கார்ந்த நாமும் இப்போது இல்லை என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1968-இல் தொடங்கிய அன்னபூர்ணாவின் சாம்பாரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தவருக்கு, அந்தச் சாம்பாரோடு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் சேர்ந்தேதான் நினைவிருக்கிறது. அதை எந்தச் சமையற்கட்டும் திரும்பத் தர முடியாது. பரிமாறுபவரிடம் கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பேக்கரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோவைக்காரர்கள் மிக எளிதாக விட்டுவிட்டுப் போவது இதைத்தான். மற்ற பல ஊர்களில் டீக்கடை வேறு, பேக்கரி வேறு. இங்கே இரண்டும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்திலேயே டீ மாஸ்டர் நின்றிருப்பார். ஊர் திரும்பியவர்கள் பழைய நண்பர்களைச் சந்திக்க ரேஸ்கோர்ஸ் பக்கம் குளிரூட்டிய கபே ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். அங்கே பேச்சு பெரும்பாலும் வேலையிலும் வீட்டுக் கடனிலும் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெருமுனைப் பேக்கரியின் வாசலில், "ஏனுங்கண்ணா, ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டு நின்றால் பேச்சு தானாகப் பழைய தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்குப் போனால் காலையில் போட்ட பப்ஸ் தளர்ந்து கிடக்கும். நான்கரை மணி வாக்கில் போனால் தட்டு அடுப்பிலிருந்து வந்த சூட்டில் இருக்கும். பப்ஸின் மேலடுக்கு விரல் பட்டதும் உதிர்ந்து காகிதத்தில் எண்ணெய்க் கோடு விழும். தேங்காய் பன் வாங்கும்போது இன்று போட்டதா என்று கேட்பதில் தவறில்லை. வட்டமான பன்னை நான்காக வெட்டி வைத்திருப்பார்கள்; வெட்டிய பக்கத்தில் தேங்காய்ப் பூரணம் ஈரமாகத் தெரிந்தால் வாங்கலாம், உலர்ந்து வெளுத்திருந்தால் டீயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காளானைப் பொட்டலம் கட்டிக்கொண்டு விடுதி அறைக்குக் கொண்டுபோவது இன்னொரு தவறு. தள்ளுவண்டியில் அகலமான தோசைக்கல்லின் மேல், பொரித்த உருண்டைகளைக் கரண்டியின் விளிம்பால் கொத்தி மசாலாவில் புரட்டி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவதை அங்கேயே நின்று சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு பாதியாவது மிஞ்சும். பொட்டலத்தில் கால் மணி நேரத்தில் அது கூழாகிவிடும். வெளியூர் விருந்தினரை அழைத்துப் போனால், பெயர் காளான் என்றாலும் அதில் முட்டைக்கோசும் மைதாவுமே மிகுதி என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் பெருமையே நம்மை ஏமாற்றுகிறது. "எங்க ஊர் சிறுவாணித் தண்ணி" என்று எந்தக் குழாயிலும் பிடித்துக் குடிக்கிறோம். ஆனால் மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் சிறுவாணி வருவதில்லை. பில்லூர் போன்ற வேறு திட்டங்களிலிருந்தும் நீர் வருகிறது, தொட்டிகளில் நாட்கணக்கில் தேங்கியும் நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் வேறு தண்ணீருக்குப் பழகிய வயிற்றுக்குக் காய்ச்சி ஆறிய நீரே பாதுகாப்பானது. பொள்ளாச்சிச் சாலையில் கிடைக்கும் தெளுவு என்ற பதநீரையும் காலை வெயில் ஏறுவதற்குள் குடிக்க வேண்டும். பானைக்குள் பூசும் சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே ஒழிய நாள் முழுவதும் தடுக்காது.

கள்ளுக்காக எல்லை தாண்டுவதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பழைய கூட்டம் கூடினாலே யாராவது ஒருவர் வாளையாறு தாண்டிப் போகலாம் என்பார். கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது. அங்கே கப்பையும் மீன்கறியும் வைத்துக் குடிப்பது அவரவர் விருப்பம். தவறு, திரும்பும்போது குடித்தவரே வண்டி ஓட்டுவது. கள் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் தெளிவாக இருப்பதாக ஓட்டுபவர் நம்புகிறார். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். அந்தச் சாலையில் இரவில் சரக்கு லாரிகள் வரிசையாக ஓடுகின்றன. குடிக்காத ஒருவரோ வாடகை வண்டியோ இல்லாவிட்டால் போகாமல் இருப்பதே சரி.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு இன்னும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. ஒருமுறை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு வடவள்ளியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை இடியாப்பம் போன்ற சந்தகை செய்து வைத்திருந்தார். ஊறிய அரிசியை ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும்; ஒருவர் அச்சின் காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். மாமா காலமான பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துப் பிழிந்திருக்கிறார். தட்டில் ஒரு பக்கம் எலுமிச்சைச் சந்தகை, இன்னொரு பக்கம் வெறும் சந்தகை, கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பால். என்னால் நான்கு வாய்க்கு மேல் முடியவில்லை. "இருக்கட்டும் கண்ணு, இன்னொரு நாளைக்கு சாப்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை மூடினார்.

அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, செலவு ரசம் என்று நாம் ஏங்கும் கொங்குச் சமையலில் பெரும்பகுதி வீடுகளில்தான் இருக்கிறது. கடைகளில் கிடைப்பது அதில் சிறு பங்கு. ஆகவே வயிற்றை நிரப்பிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போகாதீர்கள். "ஒண்ணும் செய்ய வேண்டாங்க" என்று மரியாதைக்குச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் நமக்காகக் கடையில் வாங்கிவைப்பார்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சந்தகை என்றால் அரிசி ஊற வேண்டும், ஆகவே முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். பிழியும் நேரத்துக்குப் போய் அச்சின் காலை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.