பாடுகிறவர் வேறு, பாட்டில் பேசுகிறவர் வேறு: தனியிசைப் பாடல்களுக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்பாடலுக்குப் பொருள் சொல்வது நமக்கு என்றுமே சிரமமாக இருந்ததில்லை. யார் பாடுகிறார், யாரை நினைத்துப் பாடுகிறார், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையெல்லாம் படமே சொல்லிவிடுகிறது. சேலத்துக்காரர்களுக்கு இந்த வழக்கம் இன்னும் நெருக்கமானது. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது இந்த ஊரில்தான். ஏற்காடு போகும் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அங்கே பாட்டெழுத வந்தவர் எவராயினும் காட்சியைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்திருப்பார்.

படத்துக்காக அல்லாமல் தனியே வெளிவரும் தனியிசைப் பாடலுக்கு அப்படி ஒரு காட்சி கிடையாது. பெரும்பாலும் ஒருவரே எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிடுகிறார். கதாநாயகனும் இல்லை, கதையும் இல்லை. மூன்றரை நிமிடப் பாட்டு மட்டும் நம் காதுக்கு வருகிறது. பழகிப்போன மனம் அந்தக் காட்சியைத் தேடுகிறது. கிடைக்காதபோது அகப்பட்டதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. பாடகரின் சொந்த வாழ்க்கை, யாரோ எழுதிய விளக்கம், காணொளியில் வரும் படம், எதுவானாலும் சரி. சேலத்தில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடிப் பாட்டுக் கேட்டுப் பேசுகிறோம். அங்கே நான் கவனித்தவரை, பெரும்பாலான பிழைகளுக்கு இந்த அவசர நிரப்பல்தான் வேர். காட்சியைப் பாட்டின் உள்ளிருந்தே எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பாட்டில் வரும் ‘நான்’ பாடகரேதான் என்று முடிவு கட்டுவது. ஒரு பெண் பிரிவைப் பாடினால் உடனே அவரைப் பிரிந்தவர் யார் என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. பழைய புகைப்படங்களைத் தோண்டுகிறார்கள், பெயர்களைச் சொல்கிறார்கள். பாட்டு அங்கேயே செத்துப்போகிறது. ஒரு மனிதரின் அந்தரங்கம் சந்தைக்கு வருகிறது. ஆண் பாடகர்களைவிடப் பெண் பாடகர்கள் இதனால் படும் துன்பம் அதிகம். இதைக் கண்டு நான் வருந்தாத நாளில்லை.

தமிழில் வளர்ந்த நமக்கு இந்தப் பிழை வரவே கூடாது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடினார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகப் பாடினார். ஆணின் வாயில் பெண்ணின் குரல். அகப்பாடல்களில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் செம்புலப் பெயல்நீரைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் எல்லாரும் இப்படித் தங்கள் வரியால் பெயர் பெற்றவர்களே. கவிஞரின் வாழ்க்கை ஒரு துளிகூடத் தெரியாமல் அந்தப் பாடல்களை நாம் படிக்கிறோம், உருகுகிறோம். இன்றைய பாடகரின் பாட்டுக்கு மட்டும் அவருடைய நாட்குறிப்பு எதற்கு?

பாட்டே கதவைத் திறந்துவிட்டால் கதை வேறு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு என்று அறிவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டியின் பெயர் வருகிறது. மரம் வளர்த்தவர், தோட்டம் வைத்தவர், அந்தத் தோட்டம் செழித்தும் தம் தொண்டை நனையவில்லை என்கிறார். இங்கே வாழ்க்கைக் கதையை ஒதுக்கிவிட்டுக் கேட்டால்தான் பிழை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் பறித்த குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்த வரி எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருமண வீட்டு மேடையில் அதே பாட்டுக்கு ஆடும்போது அந்தத் தொண்டை யார் நினைவுக்கும் வருவதில்லை.

யார் பேசுகிறார் என்பதோடு நின்றுவிடுவதும் போதாது. யாரிடம் பேசுகிறார், யார் காதில் விழ வேண்டும் என்று பேசுகிறார்? ‘யார் அடித்து நீ அழுகிறாய்’ என்று தொட்டிலாட்டும் தாயின் தாலாட்டு பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கும். அடுத்த அறையில் இருக்கும் மாமியாருக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பதை அறிந்துகொண்டே தோழி தலைவியிடம் பேசுவதைச் சங்கப் பாடல்களில் ‘சிறைப்புறம்’ என்பார்கள். மேலே சொன்ன குறுந்தொகைப் பாட்டையே பாருங்கள். அன்புடை நெஞ்சங்கள் கலந்ததைக் கொண்டாடும் பாட்டு என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் கீழுள்ள துறைக்குறிப்போ, இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்சியதைக் கண்டு தலைவன் கூறியது என்கிறது. அச்சத்தைத் தேற்றும் குரலாகக் கேட்டால் அதே ஐந்து வரிகளும் கனத்துப்போகின்றன. அந்தக் குறிப்பைக் கவிஞர் எழுதவில்லை. பின்னால் வந்தவர்கள் பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்து எழுதியது. தனியிசைப் பாட்டைக் கேட்கும் நாமும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது மறைபொருள் வேட்டை. எந்தச் சொல்லையும் அது சுட்டும் பொருளில் ஏற்காமல், வேறொன்றின் குறியீடு என்று அடித்துச் சொல்வது. பனி என்றால் மனச்சோர்வு, ரயில் என்றால் மரணம், பறவை என்றால் விடுதலை. இதை விளக்க நானே சில வரிகளை இங்கே எழுதிக்கொள்கிறேன்:

மணி கோத்த விரலுக்குள்ளே
மணியோசை கேட்கவில்லை;
மலையேறும் கடைசி பஸ்ஸே,
மறுவார்த்தை சொல்லவில்லை;
காப்பிப் பூ உதிருமுன்னே
கணக்கு முடித்து வந்துவிடு.

மறைபொருள் தேடுபவர் ‘கணக்கு முடித்து’ என்ற இடத்தில் நிற்பார். உயிரை முடித்துக்கொள்வதைச் சொல்கிறது, இது தற்கொலைப் பாட்டு என்பார். திரைப்பாடல் பழக்கத்தில் வந்தவருக்கு ‘மணி’ என்றதும் கொலுசு தெரியும், கொலுசு என்றதும் காதலி நடந்து வருவாள். இருவருமே பாட்டின் நிலத்தை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

சேலத்தில் கொலுசு முதலில் தொழில். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம் பக்கத்திலும் அது பட்டறை. பல வீடுகளில் அது திண்ணையிலேயே நடக்கும் கூலி வேலை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது, வளையங்களைப் பற்றவைப்பது, மணி சேர்ப்பது, மெருகு போடுவது என்று கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் வட மாநிலங்களுக்குப் பெட்டியில் ஏறுகிறது. மணி கோப்பவர் தாம் கோத்ததை அணிவதில்லை. முதலிரண்டு வரிகள் பேசும் இழப்பு இதுதான். காதலி வருகையின் இனிமை அங்கே இல்லை, கூலிக்காரக் கை இருக்கிறது.

பிறகு காப்பிப் பூ. வெண்மை என்பதால் தூய்மை என்று எழுதிவிடுவது எளிது. ஏற்காட்டுத் தோட்டத்தில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். காய்ந்து கிடக்கும் செடி, மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்த ஏழெட்டு நாளில் கொத்துக்கொத்தாகப் பூத்துவிடும். சில்வர் ஓக் மரங்களின் கீழ் மலைச்சரிவே வெளுத்துப்போகும், மல்லிகையை ஒத்த மணம் வீசும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். காய் பழுத்துப் பறிப்புக்கு வர நவம்பர் ஆகும். ஆகவே ‘காப்பிப் பூ உதிருமுன்னே’ என்பது மிகக் குறுகிய கெடு. மலைமேல் வேலைக்குப் போனவரிடம், முன்பணக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு இந்த இரண்டு மூன்று நாளுக்குள் இறங்கி வா என்று கீழே சேலத்தில் மணி கோக்கும் ஒருவர் கேட்கிறார். அவர் மனைவியா, தாயா, தங்கையா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் உள்ளர்த்தமே கிடையாது என்று ஆகிவிடாது. ‘மலையேறும்’ என்ற சொல்லில், இனித் திரும்பாதபடி போய்விட்டது என்ற வழக்கும் சேர்ந்தே ஒலிக்கிறது; பஸ் மறுவார்த்தை சொல்லாமல் போவதும் அதற்குத் துணை நிற்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் உண்மையான பஸ்ஸை முதலில் பார்த்தவருக்குத்தான் இந்த இரண்டாம் பொருள் வசப்படும். உள்ளுறை என்று நம் முன்னோர் சொன்னதும் இந்த வரிசையில்தான் இயங்குகிறது: அந்த நிலத்துக்கே உரிய மரம், பூ, தொழில் போன்ற கருப்பொருள் முன்னே, குறிப்பு அதன் பின்னே. தற்கொலை என்ற பொருளை இந்தப் பாட்டு தாங்காது. முடித்துவிட்டு ‘வந்துவிடு’ என்கிறதே, போய்விடு என்று சொல்லவில்லையே.

சொற்கள் சரியாகக் காதில் விழுந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். பாடும்போது ழகரமும் லகரமும் கலந்துபோவதால் ‘மழை இறங்கி வருகிறது’ என்பதும் ‘மலை இறங்கி வருகிறது’ என்பதும் பல குரல்களில் ஒன்றுபோலவே கேட்கும். ஏற்காட்டைப் பற்றிய பாட்டானால் இரண்டுமே பொருந்தித் தொலைக்கும். செயலிகளில் ஓடும் பாடல் வரிகளைப் பலவேளைகளில் யாரோ காதால் கேட்டு எழுதியிருப்பார்கள், அல்லது இயந்திரம் எழுதியிருக்கும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கலைஞரே வெளியிட்ட வரிகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். இல்லையென்றால் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள்.

வரிகளைத் தாளில் மட்டும் படித்துப் பொருள் சொல்வதும், தாளத்தை மட்டும் கேட்டு மனநிலையை முடிவு செய்வதும் ஒன்றுக்கொன்று குறைந்த பிழைகள் அல்ல. வேகமான தாளம் என்றால் மகிழ்ச்சி என்று நம் மண்ணில் யார் சொன்னது? இறுதி ஊர்வலத்தில் பறை முழங்க ஆடிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த ஆட்டத்தில் இருப்பது துக்கம்தான், அது உடம்பு வழியாக வெளியேறுகிறது. தனியிசைக் கலைஞர்களில் பலர் ஒப்பாரியையும் பறையையும் தெரிந்தேதான் எடுத்தாள்கிறார்கள். அதேபோல் பல்லவி மூன்றாம் முறை வரும்போது ஒரு சொல் மாறியிருக்கலாம், வாத்தியங்கள் விலகிக் குரல் தனித்து நிற்கலாம், ஒரு சொல்லுக்கு முன் மூச்சு நீளமாக இழுக்கப்பட்டிருக்கலாம். இதெல்லாம் தாளில் இருக்காது. மேலே நான் எழுதிய ஆறு வரிகளில் ‘வந்துவிடு’ என்பதைக் கெஞ்சலாகவும் பாடலாம், கட்டளையாகவும் பாடலாம். பாடி முடிக்கும்வரை அந்தச் சொல்லின் பொருள் பாதிதான்.

காணொளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அது கையில் இருந்த காசுக்கும் கிடைத்த இடத்துக்கும் ஏற்ப எடுக்கப்பட்டது. பாட்டோடு சேர்ந்தே பிறந்த காணொளிகளும் உண்டு. கபேர் வாசுகி எழுதி டி.எம்.கிருஷ்ணா பாடி 2017-இல் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்ப் பகுதியிலேயே படமாக்கப்பட்டது. எந்த நிலத்துக்காகப் பாடுகிறாரோ அந்த நிலத்திலேயே பாடகர் நிற்கிறார். அங்கே படத்தைக் கழற்றிவிட்டுக் கேட்பது இழப்பு. முதலில் ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள், பிறகு பாருங்கள். இரண்டும் பிரியக் கூடியவையா என்பது தெரிந்துவிடும்.

பாடகரே விளக்கம் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பாட்டு எதிலிருந்து பிறந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பிறந்த இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இன்னொன்று. பேட்டியில் அரை நிமிடத்தில் சொல்லக் கூடியதற்கு அவர் மாதக்கணக்கில் வரிகளோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார். இதற்கு எதிர்ப்பக்கத்தில், அவரவர் மனதுக்குத் தோன்றியதுதான் பொருள், எல்லாம் சரி என்கிறவர்கள். கேட்கத் தாராளமாகத் தெரிந்தாலும், பாட்டை மதிக்காத பேச்சு இது. எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறோம். பொருள் சொல்கிறவர் எந்த வரியிலிருந்து அதை எடுத்தார் என்று காட்ட வேண்டும்; மற்ற வரிகளில் எதுவும் அதை மறுக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். இந்தச் சோதனையில் தேறி மூன்று பொருள்கள் நின்றால் மூன்றையும் வைத்துக்கொள்வோம். குறுந்தொகையின் துறைக்குறிப்புகள் சிலவும் ஒரு பாட்டுக்கு இரண்டு சூழலைச் சொல்லிவிட்டு, எது சரி என்று தீர்ப்பளிக்காமல் விட்டிருக்கின்றன.

தனியிசைக் கலைஞர்கள் சேலத்துக்குப் பாட வருவதுண்டு. நிகழ்ச்சி முடிந்து நிற்பவரிடம் போய், ‘இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்காதீர்கள். அவருக்கும் அலுப்பு, உங்களுக்கும் பயனில்லை. ‘இரண்டாம் சரணத்தில் பேசுவது முதல் சரணத்தில் பேசியவர்தானா?’ என்று கேட்டுப் பாருங்கள். அல்லது, ‘கடைசிப் பல்லவியில் அந்த ஒரு சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று கேளுங்கள்.