கையுறை மண்ணில் கரைகிறதா? இயற்கை ரப்பரின் சிதைவைச் சோதிக்கும் முறை

இயற்கை ரப்பரை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன என்பதைக் கல்லூரி ஆய்வகத்தில் எளிதாகச் சோதிக்கலாம். சோதனைக்கு டயர் துண்டு வேண்டாம்; அதில் செயற்கை ரப்பரும் கரித்தூளும் கலந்திருப்பதோடு, கந்தகம் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்திருப்பதால் சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். பவுடர் பூசாத, மெல்லிய லேடெக்ஸ் (இயற்கை ரப்பர் பால்) கையுறையே ஏற்றது. நைட்ரைல் கையுறை செயற்கை ரப்பர் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

கையுறையைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றையும் மில்லிகிராம் வரை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் ரப்பர் பால் சிந்தும் மரத்தடி மண்ணை எடுக்கலாம். மற்றவர்களுக்குத் தோட்டத்து மேல்மண் போதும். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனத்தில்தான் ரப்பரைச் சிதைப்பவையும் பல உள்ளன.

மண்ணை இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். பாக்டீரியாவின் சில வித்துகள் முதல் சூட்டில் சாவதில்லை என்பதால், அடுத்தடுத்த இரண்டு நாள்களும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். வேகவைத்த மண் உள்ள இந்த இரண்டாம் குடுவை இல்லாத சோதனையை நான் சோதனையாகவே கருதமாட்டேன். இரண்டிலும் துண்டுகளைப் புதைத்து, பஞ்சால் அடைத்து, கொதித்து ஆறிய நீரை அளவாகத் தெளித்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மண்ணில் நீர் தேங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ரப்பரின் நீண்ட மூலக்கூறு பாக்டீரியாவின் செல்லுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவே பாக்டீரியா ஒரு நொதியை வெளியே சுரந்து, சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனைச் சேர்த்து அறுக்கிறது. அறுந்த ஒரு முனை ஆல்டிஹைடாகவும் மறுமுனை கீட்டோனாகவும் மாற, அந்தச் சிறு துண்டுகளே செல்லுக்குள் சென்று உணவாகின்றன. காற்று புகாத சேற்றில் இந்த வேலை நடப்பதில்லை.

மாதம் ஒருமுறை சில துண்டுகளை எடுத்து, மென்மையாகக் கழுவி உலர்த்தி எடைபோடுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், சிதைந்த பரப்பில் சிறு குழிகளும் நூல் போன்ற வளர்ச்சியும் தெரியும். ஷிஃப் கரைசலில் நனைத்தால், ஆல்டிஹைடு உள்ள இடங்கள் ஊதாச் சிவப்பாக மாறும். வேகவைத்த மண்ணிலிருந்த துண்டும் அதே அளவு எடை குறைந்து அதே நிறம் காட்டினால், அது காற்றும் வெப்பமும் செய்த மாற்றமாக இருக்கலாம். அதைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதக் கூடாது.