வைஃபை இருக்கு, நெட் வரவில்லை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

வைஃபை கோடுகள் முழுதாகத் தெரியும், ஒரு பக்கமும் திறக்காது. உடனே செட்டிங்ஸுக்குள் போய் எதையும் மாற்றாதீர்கள். இணைப்பு எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு கை வைக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதே வழிதான்.

முதலில் போனை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லையா? கணினி மேல் குற்றமில்லை. ஃபைபர் இணைப்பென்றால் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் கேபிளில் ஒளி வரவில்லை. கேபிள் எங்காவது மடங்கியோ கழன்றோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பு கொடுத்தவர்களை அழையுங்கள். சிவப்பு இல்லையென்றால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். சின்னத் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் தொடவே தொடாதீர்கள். அவர்கள் போட்டுக்கொடுத்த அமைப்பெல்லாம் அழிந்துவிடும்.

போனில் வருகிறது, கணினியில்தான் வரவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'சிஎம்டி' (cmd) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கருப்புத் திரை வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுத்து, கணினியின் முகவரி எண் இருக்கும் 'ஐபிவி4' வரியைப் பாருங்கள். எண் 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள்.

எண் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரிதான். அப்புறம் மூன்று 'பிங்', அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. அதே கருப்புத் திரையில் ping என்று தட்டி, இடைவெளி விட்டு எண்ணையோ பெயரையோ கொடுங்கள். கீழே 'டீஃபால்ட் கேட்வே' என்று இருக்கும் எண் ரூட்டருடையது. முதலில் அதற்கு, அடுத்து கூகுளின் சர்வர் எண்ணான 8.8.8.8-க்கு, கடைசியாக கூகுள் டாட் காமுக்கு. வரியின் முடிவில் 'டிடிஎல்' தெரிந்தால் பதில் வந்துவிட்டது. முதல் பிங்குக்கே பதில் இல்லையென்றால் கோளாறு ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவில். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ்ஸை 'மேனுவல்' ஆக்கி, ஐபிவி4-க்கு 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுங்கள்.

மூன்றுக்கும் பதில் வந்தும் பிரவுசர் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மறித்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கி ஓடிவிடும்; அப்போது தளங்களின் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. தேதியைத் திருத்துங்கள், பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் சிஆர்2032தான் இருக்கும், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.