இஞ்சி ஒயின்: முதல் தடவை செய்கிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் குல்குல், பிளம் கேக்கோடு இஞ்சி ஒயினும் இருக்கும். பெயர்தான் ஒயின், சாராயச் சத்து துளியும் இல்லாத காரசாரமான சர்பத் அது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஈஸ்ட் போட்டு மூடி வைப்பதுதான் முதல் தவறு. புளித்தால் அது மது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இங்கே வேலையே வேறு: புளிக்க விடாமல் காப்பது.

அளவு இது. இஞ்சி 250 கிராம், தண்ணீர் 2 லிட்டர், வெள்ளைச் சர்க்கரை ஒன்றரை கிலோ, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் 25 கிராம், கிராம்பு 8, விரல் நீளப் பட்டை 2, விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் 3. முக்கால் லிட்டர் பாட்டிலில் மூன்றரை வரும்.

டிசம்பரில் கடைக்கு வரும் புது இஞ்சி பார்க்கப் பளபளவென்று இருக்கும், தோலும் நகம் பட்டாலே உரியும். ஆனால் அதில் தண்ணீர் அதிகம், காரம் குறைவு. நார் தெரிகிற முற்றின இஞ்சியாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரும் முக்கியம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும், சர்க்கரை போட்டாலும் அந்தக் கரிப்பு அடிநாக்கில் நிற்கும். கேன் தண்ணீரே நல்லது.

பெரும்பாலானோர் சறுக்குவது அரைப்பதில். மிக்ஸியில் மையாக அரைத்து அப்படியே கொதிக்க வைத்தால் கஞ்சி மாதிரி கொழகொழப்பாகும், துணியில் இறங்காது, பாட்டிலில் கலங்கியே நிற்கும். இஞ்சிச் சாறு எடுத்தால் அடியில் வெள்ளையாகத் தங்குவதைப் பாட்டிமார் சுண்ணாம்பு என்று சொல்லிக் கொட்டிவிடுவார்கள். அது உண்மையில் மாவுச்சத்து. சுட்டால் வெந்து கூழாகி நீரோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க வழி கிடையாது. ஆகவே இஞ்சியை மண் போகத் தேய்த்துக் கழுவி, மெல்லிசாக நறுக்கி, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மிக்ஸிதான் உண்டு என்றால் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, வெள்ளைப் படிவு கலங்காதபடி மேலாக உள்ளதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

நசுக்கிய இஞ்சியையும் மசாலாவையும் தண்ணீரில் போட்டு, மூடி, சிறு தீயில் 40 நிமிடம். திறந்து போட்டுக் கொதிக்க விட்டால் வாசனை அடுக்களைக்குப் போய்விடும், பாட்டிலுக்கு வராது. சர்க்கரையை இப்போதே கொட்டக்கூடாது. பாகு கெட்டியாக இருந்தால் கசடு அடியில் இறங்க மறுக்கும். முதலில் வடிகட்டி, மூடி வைத்து இரண்டு மணி நேரம் தெளிய விடுங்கள். தெளிந்ததை இறுத்து, அப்புறம் சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்தபின் சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். எலுமிச்சம்பழத்தைத் தோலோடு போட்டுக் கொதிக்க வைக்கிறவர்களும் உண்டு, கசந்துவிடும்.

நிறத்துக்காக மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தனியே கருக்குவது வழக்கம். தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்ததும் நிறுத்துங்கள். புகை எழுந்தால் கசப்புதான். அதில் வெந்நீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள், தெறிக்கும். கரைந்ததும் சர்பத்தில் கலந்துவிடுங்கள்.

இனி பாட்டில். இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கெடுத்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். காயலான் கடைப் பாட்டில்கள் வேண்டாம், முன்பு என்ன இருந்ததென்று தெரியாது. வீட்டில் உள்ள கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, பச்சைத் தண்ணீரில் முழுக்கி அடுப்பேற்றி, கொதி வந்தபின் பத்து நிமிடம் வையுங்கள். கவிழ்த்துச் சொட்டு ஈரமில்லாமல் வடியட்டும். சூடான பாட்டிலில் சூடான சர்பத்தை ஊற்றுங்கள், ஆறின பாட்டிலில் ஊற்றினால் விரிசல் விடும். கழுத்தில் ஒரு அங்குலம் இடம் விட்டு மூடுங்கள். ஈரம் நின்றால் மேல்மட்டத்தில் சர்க்கரை நீர்த்துப்போகும், பூஞ்சணம் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

இந்த அளவில் சர்க்கரை சுமார் 46 சதவீதம். வெளியில் வைத்தாலும் கெடாமலிருக்க 65 சதவீதம் வேண்டும், அவ்வளவு போட்டால் இஞ்சியின் ருசி அமுங்கிவிடும். சர்க்கரையைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: குறைக்கக் குறைக்கச் சீக்கிரம் புளிக்கும். கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட் என்ற ரசாயனம் சேர்ப்பவர்கள் உண்டு. லிட்டருக்கு அரை கிராம் என்பதைச் சமையலறைத் தராசு துல்லியமாக நிறுக்காது, அதை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதே மேல்.

திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ, நுரை ஏறினாலோ, கள் வாடை அடித்தாலோ புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மறுபடி இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பரிமாறும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர். குழந்தைகளுக்கு நான்கு.