தொட்டால் சுருங்கும் குழந்தையை எப்படித் தொடுவது

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது, சட்டைக் கழுத்தின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிள் பட்டாலே துடித்துப் போவான். ஆசையாகத் தலையைக் கோதினால், கோதிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பான். அதே பிள்ளை சோபா மெத்தைகளுக்கு நடுவே புகுந்துகொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய வைப்பான். தொட்டால் இவனுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று மாதக்கணக்கில் குழம்பியிருக்கிறேன். லேசாகப் படுவது வேறு, அழுத்தமாகப் படுவது வேறு என்று அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் விளங்கியது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு லேசான வருடல் உடம்பில் பூச்சி ஊர்வது போல இருக்கும், சீரான அழுத்தம் நிம்மதியாக இருக்கும். எல்லாருக்கும் அப்படியில்லை, சிலருக்கு அப்படியே தலைகீழ். அதனால் முதல் வேலை பார்ப்பதுதான். ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்: எதைத் தேடிப் போகிறான், எதிலிருந்து ஓடுகிறான், எந்த நேரத்தில்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வருகிற எதுவும் ஆட்டிசத்தைக் குணமாக்காது. தூக்கம், பதற்றம், உடம்பை ஓர் இடத்தில் நிலைநிறுத்துவது, இவற்றுக்கு உதவலாம். அது பெரிய விஷயம்தான், ஆனால் அவ்வளவுதான். குணமாக்குவோம் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

வீட்டில் தொடங்க எளிதானது மசாஜ். 2001-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 3 முதல் 6 வயது வரையான 20 ஆட்டிசக் குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பெற்றோர் ஒரு மாதம் தினமும் தூங்கும் முன் 15 நிமிடம் மசாஜ் செய்தார்கள், மற்றவர்களுக்குக் கதை வாசித்தார்கள். மசாஜ் பெற்ற பிள்ளைகளுக்குத் தூக்கத் தொல்லை குறைந்தது. 20 பேரை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் செய்து பார்க்கச் செலவும் இல்லை, முறையாகச் செய்தால் ஆபத்தும் இல்லை.

செய்முறை இதுதான். தலையிலோ முகத்திலோ வயிற்றிலோ தொடங்காதீர்கள். பாதம் அல்லது தோள், அதுவும் துணிக்கு மேலேயே. கை சில்லென்று இருக்கக் கூடாது, வாசனை எண்ணெய் வேண்டாம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரல் நுனியால் தடவாமல் முழு உள்ளங்கையையும் பதித்து, மெதுவாக அழுத்தி, மூன்று எண்ணி, மெதுவாக விடுங்கள். துணி பிழிவது போல முறுக்கக் கூடாது. பாதம், கணுக்கால், ஆடுசதை, முழங்காலுக்கு மேல் என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசை, அதே எண்ணிக்கை. அடுத்து எங்கே கை வரும் என்று தெரிந்துவிட்டால் அவன் உடம்பு தானாகத் தளரும். முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும்.

இதில் முக்கியமானது நடுவில் விடுகிற இடைவெளி. ஒரு பாதம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கால் உங்கள் பக்கம் வந்தால் தொடருங்கள். காலை மடக்கினால், மூச்சைப் பிடித்தால், முகம் திருப்பினால் நிறுத்துங்கள். பேசாத பிள்ளைக்கு 'போதும்' என்பதற்கு ஒரு கைச்சைகையோ ஒரு அட்டையோ கற்றுக்கொடுங்கள், அதைக் காட்டிய நொடியே, பாதியில் இருந்தாலும், நிறுத்துங்கள். என் மகன் முதல் பத்து நாள் அந்தச் சைகையை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான், நான் உண்மையிலேயே நிறுத்துகிறேனா என்று பார்ப்பதற்காக. பதினோராம் நாள்தான் இரண்டாவது காலையும் நீட்டினான்.

டெம்பிள் கிராண்டின் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டிசம் உள்ள அவர், மாடுகளுக்கு ஊசி போடும்போது இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் கூண்டில் அவை அமைதியாவதைப் பார்த்துவிட்டு, 1960களில் தனக்கென்றே ஓர் அழுத்தும் இயந்திரம் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்கிற கட்டுப்பாடு உள்ளே இருக்கும் அவர் கையிலேயே இருந்தது. நான் ஒவ்வொரு தெரபியையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

எடை வைத்த போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வெளியான ஒரு முறையான ஆய்வில் ஆட்டிசக் குழந்தைகளின் தூக்க நேரத்தை அது கூட்டவில்லை, ஆனாலும் பிள்ளைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினார்கள். பிடித்தால் பயன்படுத்தலாம், சரி. ஆனால் கைக்குழந்தைக்கும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கூடாது, தலைக்கு மேல் போகக் கூடாது, தானாக உதறி எழ முடியாத பிள்ளைக்குப் போர்த்தவே கூடாது. 2008-ல் கனடாவில் ஒரு பள்ளியில் எடை வைத்த போர்வையால் சுற்றப்பட்ட ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான். வலிப்பு, மூச்சுத் தொல்லை, தளர்ந்த மூட்டுகள் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் எந்த அழுத்தமும் வேண்டாம்.

தொட விடாத பிள்ளைக்கு, தசைக்கு வேலை கொடுங்கள். சுவரைத் தள்ளுவது, புத்தகப் பையைத் தூக்கி வருவது, களிமண் பிசைவது. யாரும் தொடாமலே மூட்டுகளுக்கு அழுத்தம் கிடைக்கிறது. வீட்டுப்பாடத்துக்கு முன் பத்து நிமிடம் இதைச் செய்தால் உட்காரும் நேரம் கூடுகிறதா என்று பாருங்கள். ஊஞ்சல் என்றால் முன்னும் பின்னும் மெதுவாக. சுற்றிவிடாதீர்கள், முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள்.

பிரஷ் வைத்துத் தேய்க்கும் முறை பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மென்மையான பிரஷால் கை, கால், முதுகில் மட்டும் தேய்த்து, பிறகு மூட்டுகளை அழுத்துவது. முகம், மார்பு, வயிறு கூடாது. இதற்கான ஆதாரம் மிகக் குறைவு. ஒரு தெரபி மையத்தில் 'பழகிவிடும்' என்று அழ அழத் தேய்த்தார்கள். அதன்பின் இரண்டு மாதம் என் பிள்ளை செருப்பைக் கழற்ற விடவில்லை. பயிற்சி பெற்றவர் கற்றுக்கொடுக்காமல் வீடியோ பார்த்து இதைச் செய்யாதீர்கள். மண்டை எலும்புகளை லேசாகப் பிடித்துச் செய்யும் கிரேனியோசேக்ரல் தெரபிக்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கழுத்தைச் சொடுக்குவது வேண்டவே வேண்டாம். அழுகை அடங்கும் வரை இறுக்கிப் பிடிப்பதைத் தெரபி என்று யார் சொன்னாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு முறையை நான்கு முதல் ஆறு வாரம் பாருங்கள், ஒரே சமயத்தில் இரண்டைத் தொடங்காதீர்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். தூங்கிய நேரம், எழுந்த தடவைகள், அன்று எத்தனை முறை உடைந்து அழுதான், இவ்வளவு குறித்தால் போதும்.

அப்புறம், தெரபி அறைக்குள் நீங்களும் இருங்கள். வெளியே காத்திருக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள், கண்ணாடி வழியாகவாவது பார்க்க முடியாத இடம் வேண்டாம். பலர் கை பட்டு வளரும் பிள்ளைக்கு, யார் எங்கே தொடலாம், பிடிக்காவிட்டால் எப்படித் தடுப்பது என்பதையும் கூடவே சொல்லிக்கொடுக்க வேண்டும். வளர வளர நம் கையை எடுத்துவிட்டு அவன் கையையே பழக்குங்கள்: இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துவது, தன்னைத் தானே கட்டிக்கொள்வது, நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. என் மகனுக்கு இப்போது பதினொரு வயது, வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்கு அடியில் முழங்கால்களைத் தானே அழுத்திக்கொள்கிறான்.