ஆறு மெலியும் நாட்களைக் கணக்கிடுவது எப்படி?

வறண்ட பருவத்தில் ஓர் ஆற்றின் நீரோட்டம் எவ்வளவு குறையும் என்று கணிக்க முனைகிறவர்கள் பலரும் தரவைக் கையில் வாங்கியதுமே பரவல் வளைகோட்டை, அதாவது எந்த அளவு ஓட்டம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் கோட்டை, பொருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நான் அந்த வேலையைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுவேன். பதிவேட்டில் இருக்கும் எண் எப்படிப் பிறந்தது என்று தெரியாதவரை எந்த வளைகோட்டையும் நான் நம்புவதில்லை.

பெரும்பாலான நிலையங்களில் நாள்தோறும் அளக்கப்படுவது நீர்மட்டம்தான். ஒரு சமன்பாட்டின் வழியாக அதை நீரோட்டமாக மாற்றுகிறார்கள். ஓட்டத்தை அளக்க ஆற்றின் குறுக்கே கட்டிய செவ்வகத் தடுப்பின் மேல் நீர் வழிந்தால், ஓட்டம் நீர் உயரத்தின் 1.5 அடுக்காகக் கூடும். தடுப்பின் மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் போகும்போது 1 செ.மீ. பிழை நேர்ந்தால் ஓட்டத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதம்தான் தவறும். நீர் 10 செ.மீ. உயரத்துக்கு மட்டும் போகும்போது அதே பிழை 15 சதவீதமாகிவிடும். தடுப்பில் பாசியும் புல்லும் அடைத்து மட்டத்தை உயர்த்திக் காட்டினால், இல்லாத நீர் பதிவேட்டில் ஓடும். எனவே வறண்ட மாதங்களில் நேரடியாக ஓட்டம் அளந்த பதிவுகளைத் தேடி எடுத்து, சமன்பாடு தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மேல்புறத்தில் எந்த ஆண்டில் அணை வந்தது, எப்போதிலிருந்து பாசனத்துக்கு நீர் இறைக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அணைக்கு முந்தைய ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் ஒரே ஆற்றின் தரவல்ல. அவற்றைப் பிரித்தே ஆராய வேண்டும்.

அடுத்தது ஆண்டின் எல்லை. வறட்சி டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீளும் ஆற்றுக்கு ஜனவரி 1-இல் ஆண்டைத் தொடங்கினால், ஒரே வறட்சி இரண்டு ஆண்டுகளின் குறைந்த மதிப்புகளாகப் பதிவாகும். ஆற்றில் நீர் நிறைந்து ஓடும் மாதத்தில் ஆண்டைத் தொடங்குங்கள்.

பிறகு 7 நாள் நகரும் சராசரியை (ஒவ்வொரு நாளாக நகர்த்தி எடுக்கும், அடுத்தடுத்த 7 நாட்களின் சராசரி) கணக்கிட்டு, ஒவ்வோர் ஆண்டிலும் அதன் மிகக் குறைந்த மதிப்பை எடுங்கள். மதகை ஒரு நாள் மூடியதாலோ வார இறுதியில் ஆலைகள் நின்றதாலோ வரும் ஏற்ற இறக்கம் இதில் அடங்கிவிடும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 7 நாள் குறைந்த ஓட்டம் அமெரிக்காவில் கழிவுநீர் வெளியேற்ற அனுமதிகளுக்கு அடிப்படையாகப் பயன்படுகிறது. ஆண்டில் எத்தனை நாள் நீர் எடுக்கலாம் என்பது உங்கள் கேள்வியானால் இந்தப் பாதையே வேண்டாம். 95 சதவீத நாட்களில் எட்டப்படும் ஓட்டத்தை நாள் பதிவுகளிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளில் ஆறு முற்றிலும் வற்றியிருந்தால் அந்தப் பூஜ்யங்களை நீக்காதீர்கள். அவற்றுக்குப் பதிலாகச் சிறிய எண் ஒன்றைச் செருகுவதும் வேண்டாம். எந்தச் சிறிய எண் என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடும். வற்றுவதற்கான நிகழ்தகவைத் தனியாக எண்ணுங்கள். 30 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் வற்றியிருந்தால் அது 0.1. அப்படியானால் பத்தாண்டுக் குறைந்த ஓட்டம் பூஜ்யமே. பொருத்துவதற்கு எதுவும் இல்லை. ஐந்தாண்டு மதிப்புக்கு ஓர் ஆண்டின் நிகழ்தகவு 1/5, அதாவது 0.2. நீர் ஓடிய ஆண்டுகளில் ஓட்டம் அந்த மதிப்பைத் தாண்டாமலிருக்கும் நிகழ்தகவை F என்று வைத்து 0.2 = 0.1 + 0.9 × F என்று எழுதினால் F ஏறத்தாழ 0.11 என்று கிடைக்கும். நீர் ஓடிய 27 ஆண்டுகளுக்கு மட்டும் பரவலைப் பொருத்தி, அந்த 0.11-க்கு உரிய மதிப்பை அதிலிருந்து படியுங்கள்.

பரவல்களில் நான் முதலில் எடுப்பது வெய்புல். அதற்குக் கீழ் எல்லை உண்டு; ஆற்றுக்கும் உண்டு. கணித்த கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு மறுபடி பொருத்துங்கள். வெள்ளத்துக்காக எழுதிய நிரல்களை அப்படியே பயன்படுத்துவதில் ஆபத்து இருக்கிறது. ஒரு மதிப்பு சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதே மீள்காலம். வற்றிய ஆண்டுகளையும் சேர்த்து, ஓர் ஆண்டின் மதிப்பு அதைத் தாண்டாமலிருக்கும் நிகழ்தகவை இங்கே F என்றால், வெள்ளத்தில் மீள்காலம் 1/(1−F). குறைந்த ஓட்டத்தில் அது 1/F.

பதிவே இல்லாத ஆற்றுக்குப் பக்கத்து ஆற்றின் மதிப்பைப் பரப்பளவு விகிதத்தில் சுருக்கி எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் வழக்கம். மழை நின்ற பிறகு ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசியும் நீர். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நீர் மாதக்கணக்கில் கசியலாம். அதே பரப்புள்ள களிமண் நிலத்து ஆறு சீக்கிரமே வற்றிவிடும். வறண்ட பருவத்தில், மழையில்லாத சில நாட்களில் நேரில் போய் ஓட்டத்தை அளந்து வாருங்கள். ஒத்த பாறை அமைப்புள்ள, பதிவு உள்ள ஆற்றின் அதே நாட்களின் எண்களோடு மடக்கை (log) அளவுகோல் கொண்ட வரைபடத் தாளில் அவற்றைக் குறித்தால், பரப்பளவு விகிதத்தைவிட நம்பகமான தொடர்பு கிடைக்கும்.

கடைசியாக, பிழை வரம்பு. உங்கள் 30 மதிப்புகளிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு, குலுக்கல் முறையில் 30 மதிப்புகளை எடுத்துப் பரவலை மீண்டும் பொருத்துங்கள். கணினியில் இதை ஆயிரம் முறை செய்து, விடைகளை வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் 5 சதவீதத்தை விலக்கினால் எஞ்சுவது 90 சதவீத இடைவெளி. அறிக்கையில் ஒற்றை எண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். நீர்மட்ட அளவீட்டின் பிழை இதில் அடங்காது. அதைத் தனி வரியாகக் குறிப்பிட வேண்டும்.